இடப்பக்கம் காலி இல்லை

அப்பாவின் மூக்குக் கண்ணாடி மறுபடியும் கோணியிருந்தது.

சின்னவள் அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். வலது காதில் மாட்டுகிற கம்பி மேசையில் ஒழுங்காக உட்கார்ந்தது. இடது பக்கக் கம்பி மட்டும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க பிரேம் நிமிர்த்துகிறவளுக்கு இதைப் படிக்கத் தனியாக ஒரு கண்ணாடி தேவையில்லை. படுக்கையில் நசுங்கினால் இரண்டு கம்பியும் விரியும். மேலே உட்கார்ந்துவிட்டால் மூக்குமேல் வரும் பாலம் முறியும். ஒரு பக்கம் மட்டும் மேலே கோணியிருந்தால், அந்தப் பக்கத்துக் கன்னம் தரையைத் தொட்டிருக்கிறது.

"என்னப்பா இது?"

"எது?"

"கண்ணாடி."

"அதுவா? தலையணைக்கு அடியில வெச்சுட்டுப் படுத்துட்டேன் போல."

சின்னவள் நகத்தால் கண்ணாடியின் ஓரத்தைச் சுரண்டினாள். இரண்டு மூன்று மணிகள் மேசையில் உதிர்ந்தன.

"தலையணைக்குள்ள பஞ்சுதானே இருக்கும்? மணல் எப்படி வந்துச்சு?"

அப்பா தேநீரை ஊதினார். அது எப்போதோ ஆறியிருந்தது. "மணலா? நல்லாப் பாரு, சர்க்கரையா இருக்கும்."

"நக்கிப் பாக்கட்டுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "அண்ணன்கிட்ட சொல்லிடாதே, குட்டி."

அவள் பையிலிருந்து சின்னக் குறடு ஒன்றை எடுத்து, கம்பியை நிமிர்த்த ஆரம்பித்தாள்.

அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் அப்பா விழுவது வீட்டில் வாடிக்கையாகிவிட்டது. முதலில் குளியலறை வாசல். அப்புறம் வெளி கேட். கடைசியாகப் பட்டப்பகலில், மேடு பள்ளம் எதுவுமில்லாத நடுத்தெரு. அவரைத் தூக்கி உட்கார வைத்தவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். அடிபட்டது முழங்கையில்தான். ஆனால் செய்தி கேட்டு ஓடிவந்த பெரியவன் அன்றைக்கே தீர்ப்பைச் சொல்லிவிட்டான். "இனி ஒரு தடவை விழுந்தீங்கன்னா உங்களைக் கேக்கப் போறதில்லப்பா. என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

விழுந்தது யார்? கண்டக்டர்! ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். ஓடுகிற பஸ்ஸில், நெரிசலுக்கு நடுவில், எந்தக் கம்பியையும் பிடிக்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர். டிரைவர் பிரேக் போட்டால் பஸ் முழுக்க ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள், இவர் மட்டும் நட்டுவைத்த மாதிரி நிற்பார்.

"ஓடுற வண்டியில நின்னவனுக்கு, நிக்கிற வீடு ஆடுது," என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

காரணம் கண்டுபிடிக்க ஆளுக்கொரு பக்கம் இறங்கினார்கள். ரத்த அழுத்த மாத்திரை என்றான் பெரியவன். டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்றினான். மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் என்று இரண்டு பார்வை உள்ள கண்ணாடிதான் படியை மங்கலாகக் காட்டி ஏமாற்றுகிறது என்றாள் சின்னவள். நடப்பதற்கென்று தனியாக ஒன்று செய்து கொடுத்தாள். தோல் பையை ஒரே தோளில் மாட்டி மாட்டி உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்றார் தையல்காரர். அவருக்கு எல்லாமே அளவு விஷயம்தான்.

எது மாறியும் விழுவது மாறவில்லை. அதுவும் எப்போதும் இடது பக்கமாகவே.

கடைசியில் டாக்டர் நடைப் பயிற்சிக்கு அனுப்பினார். இன்று அங்கே பரீட்சை. பெரியவனும் பார்க்க வருகிறான். நன்றாக நடந்தால் அப்பா இங்கே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"அண்ணன் வீட்ல என்னப்பா குறை? லிஃப்ட் இருக்கு. படியே கிடையாது," என்றாள் சின்னவள், குறட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எல்லாம் இருக்கு," என்றார் அப்பா. "நடக்கத் தெருதான் இல்ல."

தெரு அங்கேயும் இருந்தது. நல்ல அகலமான தெரு. அவர் சொன்னது எந்தத் தெருவை என்று இருவருக்குமே தெரியும்.

*

பயிற்சிக்கூடம் நடந்து போகிற தூரம்தான். இறங்கும்போதே சின்னவள் அப்பாவின் இடது பக்கம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் வா," என்று அவர் வலது பக்கத்தைக் காட்டினார்.

"நீங்க எப்பவும் இப்படித்தானேப்பா சாயறீங்க? நான் இங்கயே இருக்கேன்."

"வான்னா வா. அந்தப் பக்கம் காலி இல்ல."

நெரிசலான பஸ்ஸில் சொல்வது போல அது அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்னபின் அவரே கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது. சின்னவள் சிரித்துவிட்டு வலது பக்கம் மாறினாள். ஆனால் சிரித்தது உதடு மட்டும்தான். என் பிடியில் நம்பிக்கை இல்லையா? அம்மா போனபிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். அவள் இடது பக்கம் போனால் அவருக்கு ஆகாது. சோபாவில்கூட அந்தப் பக்கம் உட்கார விடமாட்டார்.

தெருமுனையில் யாரோ வீடு கட்டுகிறார்கள். பாதி சாலையை மணல் அடைத்துக்கொண்டிருந்தது. குவியலின் ஓரத்தில் ஒரு பக்கம் சரிந்து, அகலமாக ஒரு பள்ளம். யாரோ புரண்டு எழுந்த இடம்.

சின்னவள் மணலைப் பார்த்தாள். அப்பா வானத்தைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதான்."

முனையைத் தாண்டினால் பஸ் ஸ்டாப். அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு. சாயங்காலமானால் அம்மாவும் அப்பாவும் அதுவரை நடந்துபோய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்கள். வருகிற போகிற பஸ்ஸுக்கெல்லாம் அப்பா நற்சான்று கொடுப்பார். சின்னவள் கடைக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அங்கேதான் தனியாகக் கிளம்பியிருக்கிறார்.

அம்மாவும் அப்பாவும் நடக்கிற நடையை இப்போதும் அவளால் அப்படியே பார்க்க முடியும். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் அம்மாவுக்கு இடது காது போய்விட்டது. அதனால் எங்கே போனாலும் அப்பாவுக்கு இடது பக்கமாக வருவாள். கேட்கிற காது அவர் பக்கம் இருக்க வேண்டுமே! அப்பா இடப்பக்கம் திரும்பி ஏதாவது சொல்வார். அம்மா எடுத்த எடுப்பில் "ஆங்?" என்பாள். கேட்டிருந்தாலும் "ஆங்?"தான். அப்பா அதையே கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

"ஒரு தடவை சொன்னா உங்கம்மாவுக்கு மரியாதை பத்தாது," என்பார் அப்பா.

"ஆங்?" என்பாள் அம்மா.

*

பயிற்சிக்கூடம் என்றால் ஒரு நீளமான ஹால். தரையில் சிவப்பு நாடா ஒட்டிய கோடுகள், சுவர் ஓரமாக நாற்காலிகள். பெரியவன் முன்பே வந்து, கார் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு நின்றான். அப்பாவைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தினான். தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. எங்காவது புதிதாகக் காயம் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"சீட்டு கிடைச்ச பயணி மாதிரி இருக்கேன்."

பயிற்சி தருகிற பிசியோ பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். குள்ளம், நடை மட்டும் வேகம். அவளுக்கு அப்பா வைத்திருந்த பெயர் 'செக்கிங்'. வழியில் திடீரென்று பஸ்ஸை மறித்து ஏறும் டிக்கெட் பரிசோதகருக்குப் பயந்த மாதிரியே அவளுக்கும் பயந்தார். அவள் அவருடைய இடுப்பில் அகலமான பட்டை ஒன்றைக் கட்டி, அதன் பின்பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல கோட்டு மேல போலாம் ஐயா. குதிகாலை முன்னாடி இருக்கிற கட்டை விரலோட ஒட்டி வைங்க. கீழ பாக்காதீங்க, எதிர்ச் சுவத்தைப் பாருங்க."

அப்பா நடந்தார். கயிற்றின்மேல் போவது போல இரண்டு கையையும் லேசாக விரித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு. ஆடினார், விழவில்லை. அடுத்து நாற்காலி முதுகைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றார். பிறகு பக்கவாட்டில் நடந்தார். எல்லாம் வீட்டில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு தினமும் செய்து பழகியதுதான்.

சுவரோரம் தன் முறைக்குக் காத்திருந்த ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவர், "கண்டக்டர் நல்லாத்தான்யா போறாரு. எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார்.

பெரியவன் முகம்கூடக் கொஞ்சம் இளகியது.

"இப்ப கடைசி," என்றாள் பிசியோ. "சாதாரணமா நடங்க. நான் சொல்ற பக்கம் தலையை மட்டும் திருப்பணும். நடை நிக்கக் கூடாது. சரியா? எங்க... ரைட்!"

அவ்வளவுதான். அப்பா விறுவிறுவென்று கிளம்பிவிட்டார். தலை எந்தப் பக்கமும் திரும்பவில்லை. பட்டையைப் பிடித்திருந்த பெண் பின்னாலேயே இழுபட்டு ஓடினாள்.

"ஐயா, ஐயா! ரைட்டுன்னு சொன்னேனே!"

"ரைட்டுன்னா கிளம்ப வேண்டியதுதானேம்மா? வேற என்ன செய்யணும்?"

ஹாலே சிரித்தது. வக்கீல் முழங்காலில் தட்டிச் சிரித்தார். பெரியவனும் சிரித்துவிட்டான். அப்பாவோடு சேர்ந்து இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று சின்னவளுக்குத் தோன்றியது. அந்தச் சிரிப்பில் ஒரு ஆள் குறைந்தது. எல்லாரும் சிரித்து முடித்தபின், "ஆங்? என்ன சொன்னாரு?" என்று கேட்கிற ஆள்.

"சரி, இனிமே தமிழ்லயே சொல்றேன்," என்றாள் பிசியோ. "நடங்க. வலது."

அப்பா வலது பக்கம் தலையைத் திருப்பினார். லேசான தள்ளாட்டம். சமாளித்துக்கொண்டார்.

"நேர். நடங்க, நடங்க. இடது."

அப்பா இடது பக்கம் திரும்பினார். அவர் உதடு அசைந்தது. இடது கால் தரையை விட்டு எழும்பியது. எழும்பிய கால் அப்படியே நின்றது. ஒரு கணம் ஹால் முழுக்கவே அந்தக் காலோடு சேர்ந்து அந்தரத்தில் நின்றது போலிருந்தது. பிறகு அவர் மொத்தமாக இடப்பக்கம் சரிந்தார்.

பட்டை பிடித்தது. பிசியோ தன் இடுப்பால் முட்டுக் கொடுத்து அவரை நிறுத்தினாள். காலையில் நிமிர்த்திய கண்ணாடி மட்டும் தெறித்துப்போய்ச் சுவரோரம் விழுந்தது.

"போதும்பா," என்றான் பெரியவன். குரல் உடைந்திருந்தது. "போதும். பாத்தாச்சு. இனிமே நீங்க நடக்கவே வேண்டாம். என் வீட்ல உக்காந்திருங்க, எது வேணும்னாலும் கைக்குக் கொண்டுவந்து தரேன்."

"உக்கார வெச்சா இதைவிடச் சீக்கிரம் விழுவாரு சார்," என்றாள் பிசியோ. "விழுந்துடுவோம்னு நடையை விட்டா, காலுக்கு இருக்கிற பலமும் போயிடும். ஒரு நிமிஷம் பொறுங்க." அப்பா பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்களுக்கு வழுக்கல. எதுவும் தடுக்கல. தலையும் சுத்தல, அப்படித்தானே? ஒத்தைக் கால் மேல இருக்கும்போது நீங்களா நின்னீங்க. எதுக்கு நின்னீங்க?"

"நான் எங்கம்மா நின்னேன்?"

"நின்னீங்க ஐயா. எதுக்கோ காத்திருந்த மாதிரி."

அப்பா தரையில் ஒட்டியிருந்த சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியை எடுக்கக் குனிந்த சின்னவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

குளியலறை வாசல், கேட், நடுத்தெரு, மணல். எல்லா இடத்திலும் அவர் இடப்பக்கம் திரும்பியிருக்கிறார். ஏதோ சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, அம்மாவின் அந்த ஒரு சொல்லுக்காகக் கால் வைக்காமல் நின்றிருக்கிறார். அது வந்தபிறகுதானே அடுத்த அடி? இத்தனை வருஷமும் அப்படித்தானே நடந்தார்? மாத்திரையை மாற்றினார்கள், கண்ணாடியை மாற்றினார்கள். அந்தப் பக்கம் காலி இல்லை என்று காலையில் அவரே சொன்னபோதுகூட அவள் சிரித்தாள்.

அவள் கண்ணாடியைத் துடைத்து அப்பாவுக்கு மாட்டிவிட்டாள். பிறகு அவருடைய இடப்பக்கம் போய் நின்றாள்.

"குட்டி, அந்தப் பக்கம்..."

"இருக்கட்டும்பா."

"கூட ஒரு ஆள் நடக்கிறதுன்னா நடக்கட்டும்," என்றாள் பிசியோ. "ஆனா பிடிக்கக் கூடாது. நேராப் பாத்து நடங்க ஐயா."

நடந்தார்கள். அப்பாவின் தோள் விறைத்திருந்தது. அவள் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

"இடது."

அவர் திரும்பவில்லை. நாலு எட்டு போனபின், வேறு வழியில்லாமல் மெதுவாகத் திரும்பினார். உதடு அசைந்தது. அதே நேரத்தில் வெளியே சாலையில் ஒரு பஸ் கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. அவர் சொன்னது அதில் அடிபட்டுப் போயிற்று.

"ஆங்?" என்றாள் சின்னவள்.

வேண்டுமென்று சொல்லவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதால் கேட்டாள். அது அம்மாவின் இழுப்பு. அச்சு அசல்.

தூக்கிய கால் தரைக்கு வந்தது.

அப்பா அவளையே பார்த்தார். பார்த்துக்கொண்டே அடுத்த காலை எடுத்து வைத்தார். பிறகு தொண்டையைச் செருமி, கொஞ்சம் சத்தமாக, "அந்த வண்டிக்கு பிரேக் தேஞ்சு போச்சுன்னு சொன்னேன்," என்றார்.

"ஆமாம்பா."

"டிப்போவுல பாக்க மாட்டானுங்க."

"பாக்க மாட்டாங்க."

கோடு முடிகிற இடம்வரை போய்விட்டார்கள். அவர் கால் நடுங்கவில்லை.

பிசியோவுக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. ஆனால் பட்டையை அவிழ்க்கும்போது அப்பாவிடம் மெல்லச் சொன்னாள். "கொஞ்ச நாள் இப்படி ஆளை வெச்சுப் பழகுங்க. அப்புறம் தனியா. தலையைத் திருப்புறது தப்பில்ல ஐயா, பேசுறதும் தப்பில்ல. நிக்கணும்னு தோணினா, காலைக் கீழ வெச்சுட்டு எவ்வளவு நேரம் வேணாலும் நில்லுங்க. ஒத்தைக் கால்ல மட்டும் காத்திருக்காதீங்க."

அப்பா தலையாட்டினார்.

*

வெளியே கார் அருகில் பெரியவன் தங்கையைத் தனியாக இழுத்தான். "உண்மையைச் சொல்லு. அன்னிக்கு நடுத்தெருவுல விழுந்ததுக்கு அப்புறம், இடையில விழுந்தாரா?"

காலையில் நிமிர்த்திய கம்பி அவள் கண்முன் வந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே சொல். அப்பா இங்கேயே இருப்பார். நாளைக்கே அவர் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால்?

"அண்ணா..."

"விழுந்தேன்," என்றார் அப்பா பின்னாலிருந்து. "தெருமுனையில. மணல்ல. அவளை ஏன்டா கேக்கறே? விழுந்தவன் நான்தானே?"

பெரியவன் காரின் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டான். திட்டப்போகிறான் என்று சின்னவள் காத்திருந்தாள்.

"அம்மா இருந்தப்போ எனக்கு இந்தப் பயமே இல்லப்பா," என்றான். "அவங்க பாத்துக்குவாங்கன்னு நிம்மதியாத் தூங்குவேன். இப்ப போன் அடிச்சாலே நெஞ்சு அடைக்குது."

அப்பா கை நீட்டி, அவன் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை காலையில வரேன்," என்றான் பெரியவன்.

"எதுக்கு? பெட்டியைத் தூக்கிட்டுப் போகவா, இல்ல ஷூ போட்டுட்டு என்கூட நடக்கவா?"

அவன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். வண்டி வளைவில் திரும்பி மறையும்வரை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார், இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி.

திரும்பும் வழியில் சின்னவள் பழக்கதோஷத்தில் வலப்பக்கமாகவே நடந்தாள். மணல் குவியல் வந்தது. அப்பா நின்றார். அதைத் தாண்டித் தெரிந்த பஸ் ஸ்டாப்பையும் வெறும் பெஞ்சையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு எட்டு வலப்பக்கம் நகர்ந்து, தன் இடப்பக்கத்தைக் கையால் காட்டினார்.

"இந்தப் பக்கம் வா, குட்டி."

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் நின்றாள். அந்த இடத்திலிருந்து பார்க்க, தெரு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. இத்தனை காலமும் அம்மா பார்த்த தெரு இதுதான்.

"ரைட்," என்றார் அப்பா. "போலாம்."

பெஞ்சை நோக்கி நடந்தார்கள். பாதி தூரத்தில் அவர் இடப்பக்கம் திரும்பினார்.

"அவன் ஷூ போட்டுட்டுத்தான் வருவான்," என்றார் மெதுவாக.

தெருவில் வண்டிச் சத்தம் எதுவும் இல்லை. அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"ஆங்?" என்றாள்.